ரிப்பேர் முடிந்து வந்த வண்டியும் தொலைந்துபோன எண்களும்

போன வாரம் தோழி ஒருத்தி கேட்டாள்: "தம்பிக்கு பவர் வீல்சேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. நீ வச்சிருக்கிறதையே வாங்கிடலாமா?" மோட்டார், பேட்டரி விவரமெல்லாம் அவளே படித்து வைத்திருந்தாள். ஆறு வருஷமாக ஓட்டுகிறவள் நான், தாராளமாகச் சிபாரிசு செய்திருக்கலாம். ஆனால் இரண்டு நாள் முன்புதான் என் வண்டி ரிப்பேர் முடிந்து வந்திருந்தது.

எனக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி5 மட்டத்தில் அடி. தோளைத் தூக்க முடியும், முழங்கையை மடக்க முடியும். விரல்களில் அசைவு இல்லை. உட்கார்ந்த உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளும் வேலை செய்யாது. வண்டி சட்டென்று நின்றால் முன்னால் சரிவேன், சட்டென்று கிளம்பினால் தலை பின்னால் போகும். அதனால் எழுதிக் கொடுத்த தெரபிஸ்ட், வண்டி வந்த பிறகும் மூன்று மதியம் என்னோடு செலவழித்தார். ஜாய்ஸ்டிக் குமிழைக் கழற்றி, விரல் இல்லாமலே கை உட்காரும்படி 'யு' வடிவப் பிடி மாட்டினார். என்னை ஓட்டவிட்டு, நிறுத்தச் சொல்லி, எவ்வளவு ஆடுகிறேன் என்று பார்த்துப் பார்த்து, கிளம்புவதையும் நிற்பதையும் திரும்புவதையும் புரொகிராமர் என்ற கருவியில் எண்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாக்கினார். ஆறு வருஷம் அந்த எண்களின் மேல்தான் நான் ஓடினேன்.

மோட்டாரை இயக்கும் மின்பெட்டியான கன்ட்ரோலர், அந்த எண்களும் அதில்தான் இருந்தன, பழுதானது. புதியதை மாட்டினார்கள். அது தொழிற்சாலையில் வைத்த பொது அமைப்போடு வந்தது. மெக்கானிக் நின்றபடியே ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா ஓடுது" என்று போய்விட்டார். நான் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் வண்டி பாய்ந்தது. பதறிக் கையை எடுத்தேன். நின்ற வேகத்தில் உடம்பு நெஞ்சுப் பட்டையில் தொங்கி, கை மறுபடி ஜாய்ஸ்டிக் மேலேயே விழ, மறுபடி பாய்ந்தது. அம்மா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

பழைய எண்கள் எங்கே என்று கேட்டால், "அது பழைய போர்டோட போச்சு" என்கிறார்கள். ஒரு தாளில்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. புரொகிராமர் அவர்களிடம்தான் இருக்கிறது, நானாக எதையும் தொட முடியாது. வேகக் குமிழைக் குறைத்துப் பார்த்தேன், கிளம்பும்போது வரும் உதறல் போகவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கையால் தள்ளும் நாற்காலிகளுக்கானது. அதிலேயே பராமரிப்பும் பழுதுபார்ப்பும் தொடர்கவனிப்பும் நாற்காலி வழங்கும் வேலையின் எட்டாவது படியாக இருக்கின்றன. ரிப்பேருக்கு அனுப்பும்போது தெரபிஸ்ட்டுக்கு ஒரு போன் போட ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

வண்டியின் டில்ட்டைப் பற்றி மட்டும் குறை சொல்ல மாட்டேன். இருக்கையும் முதுகுச் சாய்மானமும் சேர்ந்தே 50 டிகிரி சாயும். பாரம் புட்டத்திலிருந்து முதுகுக்கு மாறும். சாய்மானம் மட்டும் சாய்ந்தால் உடம்பு வழுக்கித் தோல் உராயும், இதில் அது குறைவு. முன்பெல்லாம் படுக்கைப்புண் வராமலிருக்க, அரை மணிக்கொருமுறை யாரையாவது கூப்பிட்டுத் தூக்கி உட்கார வைக்கச் சொல்வேன். ஆறு வருஷமாக அதற்காக ஒருவரையும் கூப்பிட்டதில்லை. மத்தியானம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், யாரிடமும் கேட்காமல். அந்தச் சுகத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

இருந்தும் தோழியிடம் "இதை வாங்காதே" என்றுதான் சொன்னேன். அவள் தம்பிக்குத் தசைச்சிதைவு. இன்று ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும் கை நாளை தள்ளாமல் போகலாம். அன்று தாடையாலோ தலையாலோ ஓட்டும் கருவியை இதே வண்டியில் மாட்ட முடியுமா என்று இப்போதே கேட்கச் சொன்னேன். வண்டியைக் கையில் வாங்கும் அன்றே எல்லா எண்களையும் தாளில் எழுதி வாங்கச் சொன்னேன். இதை இரண்டு முறை சொன்னேன்.

வியாழக்கிழமை தெரபிஸ்ட் வருகிறார். அம்மா நோட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அதுவரை, கையால் தள்ள வசதியாக மோட்டாரைச் சக்கரத்திலிருந்து பிரிக்கும் க்ளட்ச்சை விடுவித்துவிட்டு, என்னையும் 100 கிலோவுக்கு மேல் கனக்கும் இந்த வண்டியையும் அறைக்கு அறை அவள்தான் தள்ளுகிறாள்.