கறி என்றால் மட்டன் இல்லை: அல்சூர் ஞாயிறு வகுப்பு, என் அனுபவம்

எட்டு ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை, கட்டணம் 2,400 ரூபாய். சங்க காலச் சொற்களுக்குப் பொருள் சொல்லித்தரும் வகுப்பு என்று எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். இடம் பெங்களூரு அல்சூரில் ஒரு மாடி ஹால். பெயர் சொல்லப்போவதில்லை, கீழே கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, நடத்துகிறவர்களோ நல்ல மனிதர்கள்.

முதல் வாரம் 'நாற்றம் என்றால் முன்பு நறுமணம்' என்று ஆரம்பித்தார் ஆசிரியர். பள்ளிக்கூடத்திலேயே கேட்டுச் சலித்த உதாரணம். இதற்கா ஒயிட்ஃபீல்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தோம், டீ இடைவேளையில் நழுவிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது பலகையில் அகநானூற்று வரி ஒன்றை எழுதினார்: 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் கப்பல், சேரர் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து எதை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது என்று கேட்டார். பின்வரிசைப் பையன் ஒருவன் 'மட்டன்' என்றான். ஹாலே சிரித்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

கறி என்றால் மிளகு. சரி, மிளகுக்கு மேல்நாட்டில் 'பெப்பர்' என்று பெயர் வந்தது எப்படி என்று அடுத்த கேள்வி. கிரேக்கர்கள் 'பெப்பெரி' என்றார்கள், அது பிப்பலியிலிருந்து போனது, பிப்பலி என்பது நம் திப்பிலி. பாட்டி கஷாயத்தில் தட்டிப் போடுகிற திப்பிலியின் பெயர் இன்னொரு சரக்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது! அன்றைக்கு நான் நழுவவில்லை.

மூன்றாம் வாரம்தான் இந்த வகுப்பின் உச்சம். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி. தண்ணீர் கசிவதைப் பார்த்து நேரம் சொல்லும் கருவிக்குக் கன்னல் என்று பெயர், அதையொட்டியே இடுப்பில் மத்திகையைச் சுற்றியிருக்கும் யவனர்கள் வருகிறார்கள். மத்திகை என்றால் சாட்டை. கிரேக்கத்தில் சாட்டைக்கு 'மாஸ்டிக்ஸ்'. ஆள் வந்தபோது சாட்டையும், சாட்டையோடு அதன் பெயரும் கூடவே வந்திருக்கிறது. அப்புறம் சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும் இடம். யானைகள் போகும் சுருங்கை வீதி வழியாக வந்து, வாள் பிடித்த யவனர் காவல் நிற்கும் வாயிலில் அவர்களுக்குச் சந்தேகம் வராமல் உள்ளே போகிறான். சுருங்கை என்பது நிலத்தடி வழி, நாம் இன்று சுரங்கம் என்கிறோமே அது. கிரேக்கத்தில் 'சிரிங்க்ஸ்' என்றால் குழாய், ஆஸ்பத்திரி சிரிஞ்சும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அக்கா 'இத்தனை வருஷம் கையில் சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டா ஊசி போட்டேன்' என்றார்.

எனக்கு இந்த ஆசிரியரைப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் உண்டு. நமக்கு இனிக்கிற கதையையெல்லாம் அவர் சும்மா ஒப்புக்கொள்வதில்லை. அரிசிதான் கிரேக்கத்தில் 'ஒருஸா' ஆனது என்று ஒருவர் எழுந்து முழங்கினார். இருக்கலாம், ஆனால் அந்தச் சொல் பாரசீகப் பக்கமிருந்து போனது என்பவர்கள்தான் அதிகம் என்றார் சார், முழங்கியவர் முகம் வாடிவிட்டது. அதே மூச்சில், இஞ்சிக்கு உலகம் வைத்திருக்கும் பெயரில் நம் 'இஞ்சி வேர்' இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் எல்லோரும் ஏற்கிறார்கள், அதைச் சொல்லிச் சந்தோஷப்படுங்கள் என்றும் சொன்னார். சம்பளம் கதையில் வாடியது என் முகம். சம்பாவும் அளமும் சேர்ந்தது, அதாவது நெல்லும் உப்பும் கூலி என்று ஆபீஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சமஸ்கிருதத்தில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு, அகராதி அங்கிருந்துதான் கொண்டுவருகிறது என்றார். மாதக் கடைசியில் என் சம்பளத்தைப் பார்த்தால் அதுதான் சரியான பொருளாகவும் படுகிறது.

வகுப்பில் பாதிப் பேர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், வீட்டில் தமிழ், எழுத்தென்றால் கன்னடம்தான். அவர்களை வைத்தே சார் பாடம் நடத்தினார். குறுந்தொகையில் 'சிறுகோட்டுப் பெரும்பழம்' தொங்குகிறதே, அந்தப் பலவு பழைய கன்னடத்தில் பலசு, இப்போது ஹலசு. நாம் உட்கார்ந்திருக்கும் ஹலசூருக்கே பலாமரத்தால் வந்த பெயர் என்று ஊரில் சொல்வார்கள். பால் ஹாலு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி என்று அவர்களே வரிசையாகக் கத்த ஆரம்பித்தார்கள். மாதத்துக்குத் 'திங்களு' என்று சொல்கிற ஆட்டோக்காரரிடம் சங்கத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது இருபது வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

இனி குறைகள். பத்து மணி என்றால் பத்து இருபத்தைந்து. ஜெராக்ஸ் தாள்களில் ஒற்றும் புள்ளியும் தெரியாது, பழைய சொல்லைப் படிக்க வந்த இடத்தில் புள்ளி இல்லாவிட்டால் என்ன செய்வது? உலக மொழிகள் எல்லாமே தமிழ்தான் என்று வாராவாரம் பதினைந்து நிமிடம் பேசும் பெரியவர் ஒருவரை யாரும் தடுக்கவில்லை. காய்ச்சலில் ஒரு வாரம் விட்டேன், பதிவு எதுவும் கிடையாது. பெரிய கோபம் கடைசி வாரத்தின் மேல்தான். தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் உள்ள கல்வெட்டுச் சொற்கள் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, இருபது நிமிடத்தில் நாலு படம் காட்டி முடித்துவிட்டார்கள். நான் சேர்ந்ததே அதற்காக.

கட்டணம் அதிகம் என்பவர்கள், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனையும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சார் வீட்டுப்பாடம் கொடுத்ததும் அங்கிருந்துதான். ஆனால் தனியாக உட்கார்ந்து தேடினால் 'மட்டன்' என்று சொல்லிச் சிரிக்க ஆள் இருக்காது.

வண்டியில் வராதீர்கள், நிறுத்த இடமே இல்லை, பர்ப்பிள் லைனில் ஹலசூரு ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். அடுத்த சுற்று தை பிறந்ததும் என்கிறார்கள். கல்வெட்டை முதல் வாரமே எடுப்பதாக எழுதிக்கொடுத்தால் பணம் கட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.