மல்டி கரன்சி கார்டு: கட்டணம் குறைவுதான், ஆனால் மெஷினில் எதை அழுத்துகிறீர்கள்?

வெளிநாட்டுப் பயணத்துக்கு வைஸ், ரெவலூட் மாதிரி ஒரு மல்டி கரன்சி கார்டு, அதாவது பல நாட்டு நாணயங்களை ஏற்றி வைத்துச் செலவழிக்கும் கார்டு, வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் நாட்டில் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். இரண்டையும் வைத்திருக்கிறேன். அன்றாடச் செலவுக்கு அருமை, ஹோட்டல், வாடகைக் கார் டெபாசிட் கட்டுவதற்குச் சுமார், சேமிப்புப் பணத்தைப் போட்டு வைக்க வேண்டவே வேண்டாம்.

சாதாரண வங்கிக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் ரேட்டில் பணத்தை மாற்றும். அந்த ரேட் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். அதற்குமேல் நம் வங்கி தன் பங்குக்குச் சேர்ப்பதுதான் வலிக்கும். பல வங்கிகளில் இது 2 முதல் 3 சதவீதம், அதாவது 1,000 யூரோ செலவழித்தால் 20, 30 யூரோ சும்மா போகும். வைஸ் கார்டில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள சந்தை ரேட் அப்படியே கிடைக்கிறது, கட்டணம் தனி வரியில் வருகிறது, முக்கிய நாணயங்களுக்குப் பெரும்பாலும் 1 சதவீதத்துக்குக் கீழே. 2011-இல் இரண்டு எஸ்தோனியர்கள் லண்டனில் தொடங்கிய நிறுவனம் இது. அப்போது பெயர் டிரான்ஸ்ஃபர்வைஸ், வேலை பணம் அனுப்புவது மட்டும்தான். கார்டெல்லாம் அப்புறம் வந்தது. எவ்வளவு பிடிப்போம், எவ்வளவு போய்ச் சேரும் என்று முன்கூட்டியே காட்டிவிடுகிற அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை, எனக்கு அதில் பிடித்ததும் அதுதான்.

ரெவலூட் ஆப் பார்க்க இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆனால் திட்டத்துக்குத் திட்டம் விதி மாறும். இலவசத் திட்டத்தில் மாதம் இவ்வளவுதான் கட்டணமில்லாமல் மாற்றலாம் என்று ஒரு வரம்பு உண்டு, வார இறுதியில் மாற்றினால் கூடுதல் கட்டணமும் உண்டு. சனி, ஞாயிறு நாணயச் சந்தை மூடியிருக்கும், திங்கள் எந்த ரேட்டில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது, அந்த ரிஸ்க்கை நம் தலையில் கட்டுகிறார்கள். ஆகவே சனிக்கிழமை விமானம் என்றால் வியாழனே மாற்றி வைத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும், ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று உங்கள் ஊர்ப் பணத்தில். இரண்டாவதைப் பார்த்ததும் கணக்குப் புரிகிறதே என்று அதை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். அழுத்தினால் மாற்றுவது உங்கள் கார்டு நிறுவனம் இல்லை, அந்த மெஷின்காரர், அவர் இஷ்டத்துக்கு ரேட் போடுவார். மல்டி கரன்சி கார்டில் இது இன்னும் மோசம். கார்டு எந்த நாட்டில் கொடுக்கப்பட்டது என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும், உள்ளே நீங்கள் யூரோ ஏற்றி வைத்திருப்பது அதற்குத் தெரியாது. சொந்த நாணயத்தை அழுத்தினீர்களோ, யூரோ பில் அவர்கள் ரேட்டில் ஒருமுறை மாறும். உங்கள் கணக்கில் சொந்த நாணயம் இல்லையென்றால் நீங்கள் ஏற்றிய யூரோவைக் கார்டு நிறுவனம் திரும்ப மாற்றி அந்தத் தொகையைக் கட்டும். ஒரே காபிக்கு இரண்டு தடவை நஷ்டம்.

ஏடிஎம்மில் இதே கேள்வி இன்னும் தந்திரமாக வரும். பெரிய பச்சைப் பட்டனில் 'மாற்றத்துடன் தொடர்க' என்று இருக்கும், மூலையில் சின்னதாக 'மறுக்கிறேன்' என்று இருக்கும், அதை அழுத்தினால் பணமே வராதோ என்று பயமாக இருக்கும். வரும். மறுப்பது அவர்கள் ரேட்டைத்தான், பணம் எடுப்பதை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய மத்திய வங்கி ரேட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று காட்டியாக வேண்டும் என்பது சட்டம், அந்த எண்ணைப் பார்த்தாலே கை தானாக மறுப்புப் பக்கம் போகும். சில இடங்களில் கேஷியரே நம்மைக் கேட்காமல் அழுத்திவிட்டுத்தான் மெஷினை நீட்டுவார். ரசீதில் நம் ஊர் நாணயம் தெரிந்தால் ரத்து செய்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஏடிஎம் வைத்திருப்பவர் தனியாகப் பிடிக்கும் கட்டணம் வேறு, அதிலிருந்து எந்தக் கார்டும் காப்பாற்றாது.

ஆன்லைனிலும் இதே கதைதான், விற்பவரின் நாணயத்திலேயே கட்டுங்கள். பேபால் வழியாகக் கட்டினால் அது தன் ரேட்டில் மாற்றத் தயாராக நிற்கும். கட்டும் பக்கத்திலேயே அந்தத் தேர்வை மாற்றி, விற்பவரின் நாணயத்தில் கார்டுக்குப் பில் போடச் சொல்லலாம்.

வாடகைக் கார் எடுக்கப் போன இடத்தில் இந்தக் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு இருந்தால் கொடுங்கள் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இவை டெபிட் அல்லது ப்ரீபெய்டு கார்டுகள், டெபாசிட் என்றால் பல கவுண்டர்களில் இதே பதில்தான். ஹோட்டல்கள் வாங்கிக்கொள்ளும், ஆனால் கிரெடிட் கார்டில் வரம்புதான் கொஞ்சம் குறையும், இதில் உங்கள் சொந்தக் காசே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் விடுபட நாளாகும். டெபாசிட்டுக்கு மட்டும் ஒரு கிரெடிட் கார்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அப்புறம், வைஸ் பெரும்பாலான நாடுகளில் வங்கி இல்லை. உங்கள் பணத்தைத் தனியாகப் பிரித்து வைப்பார்கள், ஆனால் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு அதற்குக் கிடையாது. ரெவலூட்டுக்கு லிதுவேனியாவில் பெற்ற வங்கி உரிமம் இருக்கிறது, ஆனால் உங்கள் நாட்டில் என்ன ஏற்பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே ஆப் நிறுவனங்கள் திடீரென்று கணக்கை நிறுத்தி ஆவணம் கேட்கும், அது நடுப்பயணத்தில் வந்தால் தலைவலி. தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மிஞ்சியதைத் திரும்ப மாற்றவும் கட்டணம்தான்.

விமானத்துக்குள் விற்கும் சாப்பாடு, சில சுங்கச்சாவடிகள் மாதிரி உடனடியாக இருப்பைச் சரிபார்க்க முடியாத இடங்களில் கணக்கில் பணம் இருந்தும் கார்டு செல்லாமல் போகலாம், அதற்காகக் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.