'ஸ்டேஜ் 2 ரீமேப்' என்று காசு வாங்கிவிட்டு வால்வைத் திருகிவிட்ட கராஜ்: எவோ, சுபாரு வைத்திருப்பவர்கள் கவனம்

கொழும்பில் டர்போ கார் வைத்திருப்பவர்கள், அதிலும் லான்சர் எவலூஷனோ (எவோ) சுபாரு இம்பிரேசா எஸ்டிஐயோ வைத்திருப்பவர்கள், காரை எங்கேயாவது ரியூனிங்குக்கு விடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசியுங்கள். நகரத்துக்குச் சற்று வெளியே, இன்ஸ்டகிராமில் பளபளவென்று தெரியும் ஒரு கராஜில் என் எவோ 9க்கு நடந்தது இது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைப் பொதுவில் எழுதவில்லை.

கார் 100,000 கிலோமீற்றரை நெருங்கிக்கொண்டிருந்தது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரம். எப்படியும் எஞ்சினைத் திறக்கப் போகிறார்களே என்று மூன்று அங்குல எக்ஸோஸ்டும், அதற்கேற்றபடி 95 ஒக்டேன் பெற்றோலுக்கு ஈசியூ ரீமேப்பும் (எஞ்சின் கணினிக்குள் இருக்கும் மேப் எனும் எண் அட்டவணைகளை மாற்றுவது) சேர்த்துக் கேட்டேன். பில்லில் எல்லாம் வடிவாக எழுதியிருந்தார்கள்: டைமிங் பெல்ட், பலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப், எக்ஸோஸ்ட், 'ஸ்டேஜ் 2 ரீமேப்'. மொத்தம் 485,000 ரூபா. கூடவே வர்ணத்தில் அச்சடித்த ஒரு டைனோ தாள், அதாவது சக்தி அளக்கும் இயந்திரத்தில் காரை ஓட்டி எடுத்ததாகச் சொன்ன தாள். உச்சத்தில் 352 குதிரைவலு. "அண்ணா, இனி யாரோடையும் ஓடலாம்" என்று சொல்லித்தான் கராஜ்காரர் சாவியைத் தந்தார்.

இழுவை கூடித்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறி, மூன்றாம் கியரில் அழுத்தினபோது, 4,000 தாண்டியதும் உண்டியலைக் குலுக்கினது மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்துவிட்டேன். அவருக்கு அழைத்துக் கேட்டால், "புது எக்ஸோஸ்ட்தானே அண்ணா, ஓட ஓடச் சரியாகும்" என்கிறார். அந்தச் சத்தம்தான் நொக், சிலிண்டருக்குள் பெற்றோல் தாறுமாறாக வெடிப்பது. அது ஓட ஓடச் சரியாகாது. ஓட ஓட பிஸ்டன்தான் போகும்.

இங்கே ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த எவோக்கள் அந்த ஊர் உயர்தரப் பெற்றோலுக்காகச் செய்தவை. அது கிட்டத்தட்ட 100 ஒக்டேன். ஒக்டேன் கூடக் கூட நொக்கைத் தாங்கும். நாம் ஊற்றுவது 95. அதாவது கை வைக்காத எவோகூட இங்கே கொஞ்சம் குறைந்த பாதுகாப்போடுதான் ஓடுகிறது. பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டினால் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ள வேண்டும், எரிபொருள் அளவைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்குத்தான் ரீமேப் என்று காசு கொடுக்கிறோம். அது செய்யப்பட்டதா இல்லையா என்று பொனட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது. இவர்களுக்கு வசதியே அதுதான்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பாஸ் (மூத்த மெக்கானிக்) ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் லப்டொப்போடு வேலை செய்கிற தலைமுறை. தம்பி கேபிளைச் செருகி, எவோஸ்கான் என்ற மென்பொருளில் ஓட்டிப் பதிவு எடுத்தார். நொக்கின் அளவைக் காட்டும் நொக் சம் என்ற எண் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும், எனக்கு 20ஐத் தாண்டியது. பிறகு ஈசியூஃப்ளாஷ் என்ற மென்பொருளில் கார்க் கணினிக்குள் இருந்த மேப்பை முழுதாக இறக்கி, அதே மொடலுக்குரிய கம்பனி மேப்போடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்று. ஓர் எண்கூட மாறவில்லை. அப்படியென்றால் கூடின இழுவை எங்கிருந்து வந்தது? பூஸ்ட் அளவு மீறாமல் காக்கும் டர்போவின் வேஸ்ட்கேட்டுக்குப் போகிற குழாயின் நடுவில், பார்வைக்குப் படாத இடத்தில், விரல் நுனி அளவு பித்தளை வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதைத் திருகினால் பூஸ்ட் ஏறும். அவ்வளவுதான் எங்களுடைய ஸ்டேஜ் 2.

டைனோ தாளையும் பாஸிடம் காட்டினேன். அவர் சக்தி வளைகோட்டைப் பார்க்கவேயில்லை. நேரே கீழே சின்ன எழுத்தில் இருந்த வரிக்குப் போனார். உள்ளே இழுத்த காற்றின் வெப்பநிலை 13 பாகை. கொழும்பில் விடியற்காலையில்கூட 20க்குக் கீழே இறங்குவதைக் காண்பது அபூர்வம். இவர்கள் நுவரெலியாவில் டைனோ வைத்திருந்தால் ஒழிய, அந்தத் தாள் என் காருடையது இல்லை. எங்கோ குளிர் நாட்டில் யாரோ ஒருவருடைய காருக்கு எடுத்ததை இணையத்தில் இறக்கி, மேலே என் இலக்கத்தைத் தட்டியிருக்கிறார்கள்.

சரி, ரீமேப்தான் போய்விட்டது, பெல்ட்டாவது மாற்றினார்களா என்று கவரைக் கழற்றச் சொன்னேன். மேலே தெரிகிற பெரிய பெல்ட், அதாவது டைமிங் பெல்ட், புதிது, அதன் வெள்ளை எழுத்து அழியாமல் இருந்தது. உள்ளே கிராங்க் பற்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெல்ட், அதுதான் பலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், பழையது. எழுத்தே இல்லை, பல்லின் அடியில் நகத்தால் கீறினது போல் வெடிப்பு. அதை மாற்றுவதென்றால் கிராங்க் பற்சக்கரத்தையும் கழற்ற வேண்டும், அந்த வேலைக்குத்தான் கள்ளம். எவோவின் 4ஜி63 எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும். அந்தச் சின்னப் பெல்ட் அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கும், பெரியது பல் தாவும், வால்வெல்லாம் பிஸ்டனில் அடித்து வளையும். ரீமேப் பொய்யால் எனக்குப் போனது காசு. இது முழு எஞ்சினையும் கொண்டுபோயிருக்கும். டென்ஷனரும் வோட்டர் பம்பும் பழசுதான். புதுப் பெட்டிகளை மட்டும் டிக்கியில் வைத்துத் தந்திருந்தார்கள்.

கடைசியாக, புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிட்டிக் கன்வர்ட்டர். எக்ஸோஸ்ட் போடும்போது, "அது அடைப்பு அண்ணா, கழற்றிவிட்டால்தான் கார் மூச்சு விடும்" என்று சொல்லிக் கழற்றியது. திருப்பித் தரவில்லை. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது, பழைய இரும்பு வாங்குபவர்கள் தேடி வந்து காசு கொடுக்கிறார்கள். என்னிடம் கூலி வாங்கிக்கொண்டு என் பொருளையே விற்றிருக்கிறார்கள். புகைப் பரிசோதனையில் கார் விழுந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. பஞ்சிகாவத்தையில் தேடியலைந்து பாவித்த ஒன்றை வாங்கிப் போட்டேன். 2022இல் ரூபா விழுந்த பிறகு எவோவுக்கு எந்தச் சாமானும் மலிவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

கராஜுக்கு நேரே போய்க் கேட்டபோது கராஜ்காரர் முதலில் சிரித்தார், பிறகு "மேப் தானாக அழிந்திருக்கும், பற்றரி கழற்றினீங்களா?" என்றார். எவோவில் பற்றரியைக் கழற்றினால் கணினி தானாகப் பழகிக்கொண்ட சில அளவுகள்தான் அழியும், ஏற்றிய மேப் அழியாது. இதைச் சொன்னதும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தாண்ட விடாதீர்கள். விசாரிக்க 1977க்கு அழைக்கலாம். என் பில், டைனோ தாள், இறக்கிய மேப், பழைய பெல்ட்டின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

காரை விடுவதற்கு முன்னமே, கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் கையில் வர வேண்டும், ரீமேப் செய்தால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள இரண்டு மேப்பும் பென்டிரைவில் வர வேண்டும் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். டைனோ ஓடும்போது பக்கத்தில் நில்லுங்கள். "உள்ளே ஆட்களை விடுவதில்லை" என்றால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பித்தளை வால்வு உங்கள் காரிலும் இருந்தால், அல்லது அதே 13 பாகைத் தாள் உங்களுக்கும் கிடைத்திருந்தால், பில்லோடு உள்பெட்டியில் எழுதுங்கள். ஒருவராகப் போவதை விட நாலைந்து பேராகப் போனால் விசாரணைக்குப் பலம்.