பெலும் குகை: பாதாளகங்கையை முதலில் பாருங்கள்

தாடிபத்திரியிலிருந்து 30 கிலோமீட்டர் வந்து வண்டியை நிறுத்தினால் கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளிதான். மலையோ பாறை முகடோ கிடையாது. வயல்களுக்கு நடுவே கிணறு மாதிரி வாய் பிளந்த மூன்று பள்ளங்கள் இருக்கும். நடுவில் உள்ளதில் இறங்கும் படிக்கட்டுதான் பெலும் குகையின் வாசல். ஆந்திராவின் நந்தியால் மாவட்டம், கொலிமிகுண்ட்லா மண்டலம். பழைய பயணக் குறிப்புகளில் கர்னூல் மாவட்டம் என்று இருக்கும். 2022-ல் மாவட்டம் பிரிந்தது. குகையின் அளந்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வரை விளக்குப் போட்டு, பாதை அமைத்துப் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள்.

குகைக்குள் பாதாளகங்கை என்ற நிலத்தடி ஆறு ஓடுகிறது என்றதும் படகில் ஏறி இருட்டுக்குள் போகலாம் என்ற நினைப்பில் வருபவர்கள் ஏமாந்து போவார்கள். பாதாளகங்கை ஒரு சிற்றோடை. வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே, குகையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஓடுகிறது. ராயலசீமா வெயிலிலும் வற்றுவதில்லை. ஒரு பக்கம் பாறைக்குள்ளிருந்து வந்து, கொஞ்ச தூரம் கண்ணில் பட்டு, மறுபடி பாறைக்குள்ளேயே போய்விடும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெலும் கிராமத்துக் கிணற்றுக்கு அந்தத் தண்ணீர் போகிறது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. பார்க்க இவ்வளவுதான் என்றாலும், இந்தக் குகை முழுவதையும் குடைந்தது தண்ணீர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஓடையின் பக்கத்தில் நின்றால், மேலே நடந்துவந்த ஒவ்வொரு வளைவுக்கும் அர்த்தம் புரியும். இங்கே வந்துவிட்டுப் பாதாளகங்கைக்கு இறங்காமல் திரும்புவது பெரிய இழப்பு. ஆனால் கணிசமானவர்கள் அப்படித்தான் திரும்புகிறார்கள். காரணம் புழுக்கம்.

குகை என்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்பது குளிர்நாட்டுக் குகைகளைப் பார்த்து வந்த எண்ணம். ஆழத்தில் இருக்கும் காற்று, மேலே உள்ள நிலத்தின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். ராயலசீமாவில் அந்தச் சராசரியே அதிகம். கூடவே ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதால் வியர்வை காயாது; காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. விளக்குகளின் சூடும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து ஆழ்துளை போட்டு, சில இடங்களில் குழாய் வழியே வெளிக்காற்றை உள்ளே விடுகிறார்கள். அந்தக் குழாய்களின் அடியில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நடப்பதுதான் சரியான முறை. பலர் அவற்றைத் தாண்டி வேகமாகப் போய், அடுத்த வளைவில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே நடக்கும் வரிசையை மாற்றுங்கள். பெரும்பாலான கூட்டம் வழியில் உள்ள ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று படம் எடுத்துக்கொண்டே போகும். பாதாளகங்கைப் படிகளுக்கு வரும்போது களைத்திருக்கும். அந்தப் படிகளோ செங்குத்தானவை, குறுகலானவை. ஈரத்தில் வழுக்கும். இறங்குபவரும் ஏறுபவரும் ஒதுங்கிக்கொள்ள இடம் குறைவு. காலை 10 மணிக்குத் திறந்ததும் சீட்டு வாங்கி, எங்கும் நிற்காமல் நேரே பாதாளகங்கைக்கு இறங்கி, கூட்டம் வருமுன் அங்கே கால் மணி நேரம் இருந்துவிட்டு மேலேறுங்கள். மண்டபங்களைத் திரும்பும் வழியில் நிதானமாகப் பார்க்கலாம். மொத்தம் இரண்டு மணி நேரம் போதும்.

சிம்மத்துவாரம் என்று பலகை வைத்திருக்கும் இடம் சிங்கத்தின் தலைபோல் இயற்கையாக அமைந்த பாறை வளைவு. கோடிலிங்கம் பகுதியில் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணக்கல் விழுதுகள் லிங்கங்களைப் போலத் திரண்டிருக்கின்றன. ஆயிரம் நாகப்படம் என்ற பொருளில் தெலுங்கில் வேயி படகலு எனப்படும் இடத்தில் அவையே நாகங்கள் படமெடுத்தது போல் கூரையை நிறைத்திருக்கும். ஆலமர மண்டபத்தில் தூண் ஒன்றிலிருந்து விழுதுகள் இறங்குகின்றன. இவை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் விழுதுகளின் அழகுக்காகவே குகை பார்க்க வேண்டும் என்றால் விசாகப்பட்டினம் பக்கத்துப் போரா குகைக்குப் போகலாம். கூரை உயரமும் பெரிய திரட்சிகளும் அங்கே அதிகம். பெலுமின் சிறப்பு அதன் நடைபாதைகள். இரு பக்கச் சுவரும் வழுவழுப்பாக, அலையலையாகக் குழிந்து, அடுக்கடுக்கான பாறை வரிகளோடு வளைந்து வளைந்து போகின்றன. பாறை அடுக்குகள் கிடையாகப் படிந்திருப்பதால் தண்ணீரும் கிடையாகவே வழி பார்த்துக்கொண்டது. அதனால்தான் மலையே இல்லாத இடத்தில் இவ்வளவு நீளமான குகை.

இந்தப் பாறை நம் வீடுகளுக்குப் புதியதல்ல. தமிழ்நாட்டில் பாதிச் சமையலறைகளின் மேடை இதே வட்டாரத்துக் கடப்பா கல்தான். கொலிமிகுண்ட்லா, தாடிபத்திரி சாலையோரங்களில் பலகை பலகையாக அறுத்து அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். கடப்பா கல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்தித் துடைக்காமல் விட்டால் வெளுத்த தடம் விழுமே, குகையைக் குடைந்ததும் அதே வேலைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. பாறை இடுக்குகளில் கசிந்து சுண்ணத்தைக் கரைக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளில் இடுக்கு குழாயாகி, குழாய் மண்டபமாகிறது. நிலத்தடி நீர்மட்டம் தாழத் தாழ, நீரோட்டமும் கீழே இறங்கிவிட்டது. மேலே நாம் நடப்பது அது கைவிட்ட பாதை. இன்று அது ஓடுகிற பாதையை எட்டிப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் பாதாளகங்கை.

ஏழு சுரக் குகை என்று ஒரு பிரிவு 2006-ல் திறக்கப்பட்டது. அங்குள்ள விழுதுகளைத் தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும். வழிகாட்டி தட்டிக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தட்ட வேண்டாம், குழந்தைகளையும் தட்ட விடாதீர்கள். சொட்டுச் சொட்டாக வளர்ந்த விழுது ஒரு முறை முறிந்தால் நம் வாழ்நாளில் திரும்பாது. கை எண்ணெய் படிந்த இடத்தில் புதுச் சுண்ணம் ஒட்டாமல் வளர்ச்சியே நின்றுவிடவும் கூடும். சுவர்களில் பெயர் கீறியிருப்பதைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. கண்காணிப்பை இன்னும் இறுக்க வேண்டிய இடம் இது.

இந்தக் குகையை எழுத்தில் முதலில் பதிவு செய்தவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1884-ல். சென்னை பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபுட்தான். அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு உள்ளே ஊர்ந்து அளந்து வரைபடம் போட்டது. ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1999-ல் பொறுப்பேற்று, சேறும் குப்பையும் அகற்றி, 2002 பிப்ரவரியில் திறந்தது. விளக்கு அமைப்பில் பாராட்ட ஒன்று உண்டு: பாதை தெரியும் அளவுக்கு மட்டும் வெளிச்சம், பாறையின் மேடு பள்ளம் நிழலோடு தெரிகிறது. வண்ண விளக்குகள் போட்ட சில மூலைகள் மட்டும் உறுத்துகின்றன. அங்கே கல்லின் நிறம் என்னவென்றே தெரியாது.

வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிளைப்பாதைகள் பல உண்டு, பலகைகள் எல்லாத் திருப்பத்திலும் இல்லை. வழிகாட்டி இல்லாமல் போனால் உருவ ஒப்புமைகளையும் சில கிளைகளையும் தவறவிடுவீர்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் கைச்சாடையில் பாதி விளங்கிவிடும்.

உடை மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அடிப்பிடிப்புள்ள காலணி கட்டாயம். தேய்ந்த ரப்பர் செருப்பு பாதாளகங்கைப் படியில் கைவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு: பாதியை இறங்குமுன் குடித்துவிட்டு மீதியை எடுத்துச் செல்லுங்கள், காலிப் புட்டியை வெளியே கொண்டுவந்து போடுங்கள். சிறு கைவிளக்கு வைத்திருங்கள். மின்சாரம் போனால் உள்ளே இருட்டு முழு இருட்டு. கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காது என்பதால், பிரிந்து போகிறவர்கள் எங்கே எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று மேலேயே பேசிவிடுங்கள்.

கேமராவை ஏசி வண்டியிலிருந்து எடுத்து நேரே உள்ளே கொண்டுபோனால் லென்ஸில் பனி படரும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று படுவதால் வருவது அது. எவ்வளவு துடைத்தாலும் மறுபடி வரும். சீட்டு வாங்கும் இடத்திலேயே இருபது நிமிடம் பையைத் திறந்து வைத்தால் போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கும் இதே யோசனை.

சில இடங்களில் குனிந்து போக வேண்டும். ஆறடி உயரக்காரர்களுக்குக் கூரையில் தலை இடிப்பது நிச்சயம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவர்கள் முதல் பெரிய மண்டபம் வரை வந்து திரும்பினாலே போதுமானது, படிகளைத் தவிர்க்கலாம். கைக்குழந்தையோடு கீழே இறங்குவது நல்லதல்ல. நல்ல மழை பெய்த மறுநாள் போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று சுற்றுலாக் கழகத்திடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மேலே வயல்களில் தேங்கும் நீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சிறந்தவை. அப்போதும் உள்ளே புழுக்கம் அதேதான், வெளியே வந்ததும் காற்று சுகமாக இருக்கும் என்பதுதான் வித்தியாசம். ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் கூடாது. கூட்ட நாளில் காற்றுக் குழாய்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

வெளியே கழகத்தின் உணவகமும் எளிய தங்குமிடமும் உண்டு. பசிக்கு உதவும், ருசிக்குத் தாடிபத்திரிதான். அங்கே ராகி சங்கடியும் (கேழ்வரகுக் களி) நாட்டுக்கோழிப் புலுசும் (குழம்பு) தேடிச் சாப்பிடுங்கள். சென்னையிலிருந்து ரேணிகுண்டா, கடப்பா, குந்தக்கல் வழியாக மும்பை செல்லும் ரயில் தடத்தில் தாடிபத்திரி இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். நிலையத்திலிருந்து ஆட்டோவைவிட வாடகைக் கார் நல்லது. காத்திருந்து திரும்ப அழைத்துவரப் பேசிக்கொள்ளுங்கள், குகை வாசலில் வண்டி கிடைக்கும் என்று நம்ப முடியாது. சொந்தக் காரில் சென்னையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர்.

பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கோட்டை உள்ள கண்டிகோட்டாவோடு சேர்த்து இரண்டு நாள் பயணமாகப் பலர் வருகிறார்கள், நல்ல சேர்க்கைதான். இடையில் சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் கண்டிகோட்டாவில் காலையைக் கழித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் இங்கே வருவது தப்பான வரிசை. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், பிற்பகல் கூட்டமும் உங்களோடு இறங்கும். முதல் நாள் காலை பெலும், மாலை கண்டிகோட்டா, இரவு அங்கே தங்கிச் சூரிய உதயம், திரும்பும் வழியில் தாடிபத்திரியின் புக்க ராமலிங்கேஸ்வரர் கோயில் கோபுரச் சிற்பங்கள் என்று வைத்துக்கொண்டால் எதையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டியிருக்காது.