சின்ன பிளாட்டுக்கு 24 கிலோவாட்டா, 30 கிலோவாட்டா?

லண்டனில் ஒரு குளியலறையும் ஐந்தாறு ரேடியேட்டரும் உள்ள பிளாட்டில் பழைய காம்பி பாய்லரை (ரேடியேட்டருக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் சேர்த்து ஒரே கேஸ் பாய்லர்) மாற்றப் போனால், "30 கிலோவாட் போட்டுடலாம், கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்றுதான் பல இன்ஸ்டாலர்கள் சொல்வார்கள். நான் 24 பக்கம். அதிலும், தீயை நன்றாகத் தணித்து எரிக்கத் தெரிந்த 24.

பாய்லரின் பெயரில் வரும் எண் பெரும்பாலும் சுடுதண்ணீர்த் திறன். குழாய்த் தண்ணீரின் சூட்டை 35 டிகிரி கூட்டிக் கொடுக்கும்போது 24 கிலோவாட்டில் நிமிடத்துக்கு 9.8 லிட்டர் வரும், 30 கிலோவாட்டில் 12.3, 35 கிலோவாட்டில் 14.3. ஒரு ஷவருக்கு 24 போதும். குளியல் தொட்டி நிரப்பத்தான் நேரமாகும். ஜனவரியில் மெயின்ஸ் (தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும்) தண்ணீர் 8 டிகிரியில் வந்தால், 40 டிகிரியில் 100 லிட்டர் நிரம்ப 24-க்கு ஏறக்குறைய ஒன்பதேகால் நிமிடம், 30-க்கு ஏழரை நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் கூடுதல் காசு. மெயின்ஸிலேயே நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் வருகிறதென்றால் அதுவும் வீண். சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது குறைந்தபட்சத் திறன், அதாவது தீயை எவ்வளவு வரை தணித்து எரிக்க முடியும் என்பது. மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள் சூழ்ந்த பிளாட்டுக்குக் கடுங்குளிரிலும் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோவாட் வெப்பம் போதும். அக்டோபரிலோ ஏப்ரலிலோ 1.5 கிலோவாட்கூடத் தேவைப்படாது. தீயை ஐந்தில் ஒரு பங்கு வரைதான் தணிக்க முடிகிற 30 கிலோவாட் பாய்லர் 6 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. ரேடியேட்டர்களால் அவ்வளவு வெப்பத்தையும் வாங்கிக்கொள்ள முடியாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் வைத்த சூட்டைத் தாண்டும், பாய்லர் அணையும், சில நிமிடம் காத்திருந்து மறுபடி பற்றவைக்கும். நாள் முழுக்க இதே கதை. ஒவ்வொரு முறை பற்றவைக்கும் முன்பும் மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றை ஃப்ளூ (புகைக்குழாய்) வழியே வெளியே தள்ளும். கொஞ்சம் சூடும் அதோடு போய்விடும். இக்னிஷன் எலக்ட்ரோடு, மின்விசிறி, கேஸ் வால்வு மூன்றுக்கும் வேலை கூடும். இதனால் ஆயுள் எத்தனை ஆண்டு குறையும் என்று எண் போட்டுச் சொல்ல மாட்டேன், ஆனால் பராமரிப்புச் செலவு இந்த வழியாகத்தான் வருகிறது.

"ஹீட்டிங்கைக் குறைத்து வைத்துவிடுகிறேன்" என்று இன்ஸ்டாலர் சொல்லலாம். அந்த அமைப்பு உச்சத்தை மட்டும்தான் குறைக்கும், அடிமட்டம் அப்படியே இருக்கும். சில வரிசைகளில் 24, 30, 35 மூன்றுக்கும் ஹீட்டிங் உச்சம் ஒன்றேதான். வேறுபடுவது சுடுதண்ணீரும் அந்த அடிமட்டமும்தான். ஆகவே விவரத்தாளில் குறைந்தபட்ச ஹீட்டிங் திறன் 2.5 முதல் 3 கிலோவாட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 1:10, அதாவது பத்தில் ஒரு பங்கு வரை தணியும் 30 கிலோவாட் கிடைத்தால் அது 3 வரை இறங்கும். 1:5 வரை மட்டுமே தணியும் 24-ஐவிட அதுவே மேல்.

கேஸ் குழாயையும் மறக்கக் கூடாது. மீட்டரிலிருந்து பாய்லர் வரை அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. பழைய 15 மி.மீ. குழாய் 24-க்குச் சில இடங்களில் தாங்கும்; 30-க்குப் பெரும்பாலும் 22 மி.மீ. இழுக்க வேண்டிவரும், தரையைப் பெயர்க்கும் செலவு தனி. நீளத்தையும் வளைவுகளையும் கணக்கிட்டு கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்வோருக்கான பதிவேடு) பதிவு பெற்றவர்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு ஷவர் ஒரே நேரத்தில் ஓடும் வீடாக இருந்து, மெயின்ஸும் 15 லிட்டருக்கு மேல் கொடுத்தால் 30 அல்லது 35 நியாயம்தான். மற்றபடி 24 போட்டு, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 55 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். திரும்பி வரும் தண்ணீர் 54-க்குக் கீழே இருந்தால்தான் கண்டன்சிங் (புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி அதன் சூட்டையும் பிடித்துக்கொள்வது) ஒழுங்காக நடக்கும்.