உவர்மலை இயன்மருத்துவ நிலையம்: தோள்பட்டை எலும்பு நோவுக்குப் பெற்ற சிகிச்சை பற்றிய மதிப்பீடு

மூன்றாம் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கிழமையில் என் வலப்பக்கத் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரு நோவு வந்து குடியேறியது. தோள்மூட்டில் அல்ல, முள்ளந்தண்டுக்கும் முதுகின் மேற்பகுதியில் உள்ள அந்தத் தட்டையான முக்கோண எலும்புக்கும் இடையில், கை எட்டாத இடத்தில். பகலில் உளைவாகவும், கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போது ஊசி ஏற்றியது போலவும், இரவில் எந்தப் பக்கம் சரிந்து படுத்தாலும் தூக்கத்தைக் கலைக்கும் கடுப்பாகவும் அது நான்கு மாதம் என்னோடு இருந்தது. திருகோணமலை உவர்மலையில் உள்ள ஒரு சிறிய இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையத்தில் ஏழு தடவை சிகிச்சை பெற்ற பின் அதிலிருந்து பெருமளவு மீண்டிருக்கிறேன். அந்த நிலையத்தை நடத்துபவர் ஒரே ஒரு பெண்மணி. கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரம் குறைந்துவிடும் என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனவே பெயரை விட்டுவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்பதை எழுதுகிறேன்.

அங்கே போவதற்கு முன் நான் செய்தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் திருகோணமலையில் பெரும்பாலோர் இதே வழியில்தான் போகிறோம். நோவு தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் வாய்வுப் பிடிப்பு என்றார்கள். உள்ளியும் இஞ்சியும் இடித்துப் போட்ட இரசம் குடித்தேன், சித்தாலேப களிம்பு பூசினேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய், ஏழு கிணறுகளில் சூடு கூடியதாகப் பார்த்து, வாளி வாளியாக முதுகில் ஊற்றினேன். வெந்நீர் பட்டதும் முதுகு இளகியது உண்மை. ஆனால் பின்னேரம் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் நோவு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. அதன் பிறகு நகரத்தில் ஒரு தனியார் சிகிச்சை இடத்துக்குப் பத்து நாள் போனேன். அங்கே ஒருவரும் என் கழுத்தை அசைத்துப் பார்க்கவில்லை, கையை உயர்த்தச் சொல்லவும் இல்லை. நோவதாக நான் காட்டிய இடத்தில் நான்கு மின்முனைகளை ஒட்டி, இயந்திரத்தை இயக்கி, திரையை இழுத்துவிட்டுப் போனார்கள். இருபது நிமிடம் கழிய மணி அடிக்கும். பணம் கட்டிவிட்டு வரவேண்டியதுதான். மின்தூண்டல் நோவை அந்த நேரத்துக்கு மறைக்கும் என்பதில் சந்தேகமில்லை; ஆயினும் பத்து நாளில் ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராதது என்னை இன்றும் வருத்துகிறது.

உவர்மலை நிலையத்தில் முதல் நாள் முக்கால் மணித்தியாலம் எடுத்தார்கள். அதில் முதல் இருபது நிமிடம் கேள்விகள் மட்டுமே. எங்கே நோகிறது என்பதைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்பதை மிக விரிவாகக் கேட்டார். மூச்சை ஆழமாக இழுத்தால் குத்துகிறதா, படியேறும்போது வந்து நின்றதும் போய்விடுகிறதா, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் உடல் மெலிந்திருக்கிறதா, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா, தோலில் எரிவோ கொப்புளமோ தெரிந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். முதுகு நோவுக்கு வந்தவளிடம் எண்ணெய்ச் சாப்பாட்டைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. பித்தப்பையில் கல் இருந்தால் அதன் நோவு வலப்பக்கத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்து தெரியக்கூடும் என்று அவர் சொன்னதும் எங்கள் அண்ணரின் நினைவு வந்தது. அவருக்கும் அதே இடத்தில்தான் நோவு. சாப்பிட்ட பின்தான் கூடும். எண்ணெய் தேய்த்து ஆறு மாதம் கடத்திய பிறகு ஸ்கான் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கற்கள். இருதயம், நுரையீரல், பெருந்தமனி ஆகியவற்றின் கோளாறுகளும் இதே இடத்தில் நோவாகத் தெரியலாம் என்றும், அக்கி வரும்போது கொப்புளம் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒரு பக்க முதுகு எரியத் தொடங்கலாம் என்றும் அவர் விளக்கினார். உள்ளுறுப்புகளின் நரம்புகளும் தோல், தசைகளின் நரம்புகளும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடமான முண்ணாணில் ஒரே மட்டத்தில் வந்து சேர்வதால் மூளை இடத்தை மாற்றி எடுத்துக்கொள்கிறதாம்.

இந்தக் கேள்விகள் வெறும் சடங்கல்ல என்பதை மூன்றாவது தடவை போனபோது கண்ணால் கண்டேன். எனக்கு முன் வந்திருந்த ஐயா ஒருவர், கடற்றொழில் செய்பவர், வலை இழுத்ததில் முதுகு பிடித்துவிட்டது என்றும், கொஞ்சம் உருவிவிட்டால் போதும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். இயன்மருத்துவர் அவருடைய கையை உயர்த்தச் செய்தார், உடம்பைத் திருப்பச் செய்தார், நோகும் இடத்தை அழுத்தினார். எதிலும் நோவு கூடவுமில்லை, குறையவுமில்லை. மின்விசிறிக்குக் கீழே இருந்தும் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. “ஐயா, இது தசை நோவு மாதிரித் தெரியேல்லை, இப்பவே இருதயத்தைப் பார்க்க வேணும்” என்று சொல்லி, அவரைக் கட்டிலிலிருந்து இறங்க விடாமல், 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைத்து வைத்தியசாலைக்கு அனுப்பினார். கட்டணம் வாங்கவில்லை. ஒரு சிகிச்சையாளரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது என்று யாராவது என்னைக் கேட்டால், உருவிவிடும் கையை விட, உருவ மறுத்த அந்தக் கையைத்தான் சொல்வேன்.

பரிசோதனையும் நான் எதிர்பார்த்தது போல் இருக்கவில்லை. “ரீச்சர், பலகையில எழுதுற மாதிரி இந்தச் சுவரில எழுதிக் காட்டுங்கோ” என்று கையில் ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுத்து, நான் எழுத எழுதப் பின்னால் நின்று தொலைபேசியில் படமெடுத்தார். பின்பு அதை எனக்குக் காட்டினார். இருபத்தைந்து ஆண்டுகள் பலகையில் எழுதிய என் முதுகை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை: கை உயர உயர வலத்தோள் காதை நோக்கி ஏறியது, கையை இறக்கும்போது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு, மூடாத அலுமாரிக் கதவைப் போல விலாவை விட்டு எழும்பி நின்றது. இடப்பக்கத்தில் அப்படி இல்லை.

அந்த எலும்பைப் பற்றி அவர் சொன்னவை எனக்குப் புதியவை. இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை பரந்திருக்கும் அது நெஞ்சுக்கூட்டோடு நேரடி மூட்டு எதுவும் இல்லாமல், கழுத்தடியில் முன்பக்கம் குறுக்காக உள்ள காறை எலும்பு ஒன்றின் மூலமே உடற்கூட்டில் தொங்குகிறது; மற்றப்படி பதினேழு தசைகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கையை முழுவதும் தலைக்கு மேல் உயர்த்தும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை தோள்மூட்டிலும் 60 பாகை இந்த எலும்பு விலாக்களின் மேல் வழுக்கித் திரும்புவதிலும் நிகழ்கிறது. விலாக்களிலிருந்து வந்து அதை அணைத்துப் பிடிக்கும் தசை தளர்ந்தால், கழுத்திலிருந்து அதன் மேல் மூலைக்கு இறங்கும் தசை இரட்டை வேலை செய்து இறுகிவிடுகிறது. எனக்கு அதுவும் இருந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது. கழுத்தை வலப்பக்கம் திருப்பி மெதுவாக அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அவர் என் முதுகைத் தொடவேயில்லை. ஆனாலும் நான்கு மாதமாக நான் அறிந்த அதே நோவு, அதே புள்ளியில், அப்படியே எழுந்தது. கழுத்தின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டுகளும் வட்டத்தட்டுகளும் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் நோவைக் காட்டுவது மிகவும் சாதாரணமாம். நான் பத்து நாள் மின்முனை ஒட்டியது நோவு தெரியும் இடத்தில். அது புறப்படும் இடம் ஒரு சாண் மேலே இருந்திருக்கிறது.

கையில் விறைப்போ பலவீனமோ இல்லை, முழங்கையிலும் மணிக்கட்டிலும் தட்டிப் பார்த்த தெறிவினைகள் சரியாக இருந்தன என்பதால் எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ இப்போது தேவையில்லை என்றார். ஆறு கிழமை ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாற்றம் இல்லாவிட்டால், அல்லது கை பலமிழந்தால், விரல்கள் விறைத்தால், நடையில் தள்ளாட்டம் வந்தால், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார். நான் பாமசியில் தொடர்ந்து வாங்கி விழுங்கிய டைக்குளோபினாக் என்ற நோவுக் குளிசையைப் பற்றிக் கேட்டு, எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடரக் கூடாது என்று கண்டித்தார். சிறுநீரகம், இரைப்பை, இருதயம் மூன்றுக்கும் அது சுமை என்பதை இதுவரை எந்த விற்பனை மேசையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிகிச்சை என்று பார்த்தால் கையால் செய்தது குறைவு, செய்யச் சொன்னது கூட. ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் கழுத்தையும் முதுகையும் இளக்கிவிடுவார். மீதி நேரம் நான் செய்வதைப் பார்த்துத் திருத்துவார். நாடியை உள்ளே இழுத்துத் தலையை நேரே பின்னுக்குக் கொண்டுபோவது, துவாயைச் சுருட்டி மேல்முதுகுக்குக் கீழே குறுக்காக வைத்துப் படுப்பது, சுவரில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்து முடிவில் முதுகை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவது, யன்னல் கம்பியில் இறப்பர் பட்டியைக் கட்டி இரு முழங்கைகளையும் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்துவது ஆகிய நான்குதான். இவற்றில் சுவர்ப் பயிற்சியைச் சொல்லித் தரத்தான் அதிக நேரம் எடுத்தார். முழங்கையை மடக்காமல், தோள்பட்டை எலும்புகள் விலாவைச் சுற்றி முன்னுக்கு வழுக்கிப் போவதை நான் உணரும் வரை தன் உள்ளங்கையை அந்த எலும்பின் மேலேயே வைத்திருந்தார். பயிற்சி செய்யும்போது சிறிது நோகலாம், ஆனால் அடுத்த நாள் காலைவரை அது கூடி நிற்கக் கூடாது என்பது அவர் தந்த அளவுகோல். முற்றாக ஓய்வெடுக்கச் சொல்லவே இல்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ நிறையுள்ள தலையைக் குனிந்தபடி மணித்தியாலக் கணக்கில் பிடித்திருந்ததே முக்கிய காரணம் என்பதால், விடைத்தாள்களைக் கட்டிலில் வைத்துத் திருத்துவதை விட்டு மேசையில் சாய்வான பலகை வைத்துத் திருத்தவும், அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நிற்கவும், எப்போதும் வலத்தோளில் தொங்கும் பையை இடத்தோளுக்கு மாற்றவும் சொன்னார்.

முதல் பத்து நாளில் பெரிய மாற்றம் இருக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மூன்றாம் கிழமையில்தான் இரவில் விழிக்காமல் தூங்கினேன். ஆறாம் கிழமை முடிவில் பலகை நிறைய எழுதியும் நோவில்லை. ஏழு பாடவேளையும் தொடர்ந்து வரும் நாட்களில் இன்னும் ஓர் உளைவு தெரிகிறது. பயிற்சியைப் பத்து நாள் விட்டால் அது கூடுகிறது.

குறைகளும் உண்டு. நிலையம் மாடியில் இருக்கிறது. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் நோவோடு வரும் முதியவர்களை அந்தப் படியில் ஏற்றுவது நியாயமில்லை என்று அவரிடமே சொன்னேன். கீழ்த்தளத்தில் இடம் தேடுவதாகச் சொன்னார். காத்திருக்க இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள்தான். தொலைபேசியில் நேரம் எடுத்துக்கொண்டு போனாலும் இரண்டு தடவை அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தேன். பெண்கள் உடை மாற்றத் திரை மட்டுமே இருக்கிறது, அதற்கு ஒரு கதவு வேண்டும். முதல் தடவைக்கு 2500 ரூபாயும் பின்னர் ஒவ்வொரு தடவைக்கும் 1500 ரூபாயும் வாங்கினார். மின்முனை ஒட்டிய பத்து நாளுக்கு நான் கொடுத்ததை விட மொத்தத்தில் இது குறைவு. இவ்வளவு செலவழிக்க இயலாதவர்கள் வைத்தியரின் கடிதத்தோடு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. எந்தத் தனியார் நிலையத்துக்குப் போவதானாலும், சிகிச்சை தருபவர் இலங்கை மருத்துவ சபையில் இயன்மருத்துவராகப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். நான் கேட்டபோது இவர் முகம் சுளிக்காமல் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்.

போகிறவர்கள் முதுகுப்பக்கம் தளர்வாகத் திறக்கக்கூடிய சட்டை அணிந்து போவது நல்லது, ஏனெனில் தோள்பட்டை எலும்பு அசைவதைப் பார்க்காமல் அவர் எதையும் தொடங்குவதில்லை. ஏற்கெனவே எடுத்த ஸ்கான், பாவிக்கும் குளிசைகள், ஏதேனும் இருந்தால் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கிழமை நாட்களில் பின்னேரம் நான்கரைக்குப் பிறகும், சனிக்கிழமை முழு நாளும் திறந்திருக்கும். ஞாயிறும் போயா நாளும் விடுமுறை.