ஸ்கிரீன்களை டிரை கிளீனிங் கொடுக்கும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

தீபாவளிக்கு வீட்டு ஸ்கிரீன்களை வெளியே துவைக்கக் கொடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். போன தீபாவளிக்கு நான் கொடுத்த எட்டில் ஆறு ஸ்கிரீன் வீணாகிவிட்டது. ஒரு ரோலர் பிளைண்டும் (சுருட்டி ஏற்றி இறக்கும் ஜன்னல் மறைப்பு) போயிற்று.

நாங்கள் இருப்பது சென்னை வளசரவாக்கத்தில், ஆற்காடு சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. மெட்ரோ வேலை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பக்கம் புழுதிக்குப் பஞ்சமில்லை. ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாலும் ஸ்கிரீனை ஒரு தட்டு தட்டினால் புகை மாதிரி கிளம்பும். ஹாலில் தொங்கிய நான்கும் கரூரில் துணி எடுத்து, உள்ளே பாலியஸ்டர் லைனிங் வைத்துத் தைத்த பருத்தி ஸ்கிரீன்கள். தைத்து இரண்டரை வருஷம் ஆகியும் தண்ணீரில் போட்டதில்லை, வேக்குவம் மட்டும்தான். இந்த முறை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று, வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் செய்த மாதிரி வேலை எங்கும் நடக்கலாம்.

இரண்டு பையன்கள் வந்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள். கழற்றி மடித்துப் பையில் போடப் பத்தே நிமிஷம். "எல்லாம் டிரை கிளீனிங்தான் மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். லைனிங் வைத்தது ஒன்றுக்கு 450 ரூபாய், மெல்லிய வலை ஸ்கிரீன் ஒன்றுக்கு 300, பால்கனி அறையின் ரோலர் பிளைண்டை வீட்டிலேயே ஸ்டீம் செய்ய 500. மொத்தம் 3,800 ரூபாய், முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். பில்லில் இருந்தது "கர்ட்டன் – 8, பிளைண்ட் – 1". அவ்வளவுதான். என்ன துணி, எத்தனை அடி, எப்படிச் சுத்தம் செய்யப்போகிறார்கள், ஒரு வார்த்தை இல்லை. யாரும் அளக்கவில்லை, துணியில் இருந்த லேபிளைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் திரும்பி வந்தது. பையைப் பிரித்ததும் சோப்புத்தூள் வாசனை தூக்கலாக அடித்தது. ராடில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தரையை உரசிக்கொண்டிருந்த ஸ்கிரீன் நான்கு விரல் மேலே ஏறி நின்றது. அதற்குக் கீழே வெள்ளை லைனிங், புடவைக்கு வெளியே தெரியும் உள்பாவாடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத் தையல் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக இழுத்திருந்தது. என் மாமியார் எதுவும் சொல்லாமல் கிட்டே போய் லைனிங்கை உள்ளே மடித்துவிட்டார். கையை எடுத்ததும் மறுபடி இறங்கிவிட்டது.

ஸ்கிரீனைத் தைத்த டெய்லர் பாயை வரச் சொன்னேன். டேப்பை வைத்துப் பார்த்தார். 84 இஞ்ச் இருந்தது 80 ஆகியிருந்தது. "இது டிரை கிளீனிங் இல்லம்மா. சுடுதண்ணியில மெஷின்ல போட்டு, டிரையர்ல உலர்த்தியிருக்காங்க" என்றார். டிரை கிளீனிங்கில் தண்ணீரே கிடையாது, ரசாயனத் திரவத்தில்தான் அலசுவார்கள். பருத்தி இந்த அளவுக்குச் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் தண்ணீரும் சூடும் சேர்ந்திருக்கும். முதல் தடவை சூடாக நனையும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறைவது சாதாரணம். பாலியஸ்டர் அப்படிச் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்த துணியை ஒரே வாளியில் போட்டால், ஒன்று ஏறும், மற்றது அப்படியே நிற்கும். வலை ஸ்கிரீன் இரண்டும் முழுக்க பாலியஸ்டர் என்பதால் தப்பித்தன.

படுக்கையறையில் இருந்தது வெளிச்சம் மறைக்கும் பிளாக்அவுட் ஸ்கிரீன். அதன் பின்பக்கப் பூச்சு வெடித்து, தேங்காய்த் துருவல் மாதிரி கட்டில் மேல் உதிர்ந்தது. காலையில் பார்த்தால் சல்லடையாக வெளிச்சம். அப்போதுதான் ஓரத்து லேபிளைத் தேடினேன். வட்டம் போட்டு அதன் மேல் பெருக்கல் குறி: டிரை கிளீனிங் கூடாது என்று அர்த்தம். பக்கத்தில் தொட்டிக்குள் 30: முப்பது டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். அதாவது, அவர்கள் சொன்னபடியே டிரை கிளீனிங் செய்திருந்தாலும் இது கெட்டிருக்கலாம். உங்கள் ஸ்கிரீனிலும் இப்படி ஒரு லேபிள் இருக்கலாம், இப்போதே புரட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் போடக் கூடாது.

பிளைண்டை ஈரத்தோடு சுருட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே ஐப்பசி மழை. நான்கு நாள் கழித்து இறக்கினால் கடுகு தூவியது போலக் கரும்புள்ளி, ஓரமெல்லாம் சுருண்டு நூல் பிரிந்திருந்தது. ரோலர் பிளைண்டுக்குத் தண்ணீர் பீய்ச்சவே தேவையில்லை. முழுக்க இறக்கிவிட்டு மேலிருந்து கீழாக உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் தூசி போய்விடும். கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காயும்வரை தொங்கவிட வேண்டும்.

நிறுவனத்துக்குப் போன் செய்தால் பில்லின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். சுருக்கத்துக்கும் சாயத்துக்கும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். அடுத்த தடவைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். கழற்றும் முன் எடுத்த படங்கள், பில், துணி வாங்கிய ரசீது, டெய்லர் பாய் எடுத்த அளவு, எல்லாவற்றையும் சேர்த்தேன். துவைத்த கூலி 3,800 ரூபாய் முழுதாகத் திரும்பி வந்தது. துணிக்கான பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 5 லட்சம் வரைக்குமான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பையன்கள் எதிரிலேயே அளந்து, துணி, நீளம், எந்த முறையில் சுத்தம் என்ற மூன்றையும் பில்லில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் பையை எடுக்க விடாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். ஸ்கிரீனை மாட்டிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள்.

ஹால் ஸ்கிரீன்களின் அடியில் பாய் நான்கு இஞ்ச் மடிப்பு விட்டிருந்தார். அதைப் பிரித்து இறக்கினார். உயரம் சரியாகிவிட்டது. ஆனால் மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி, கடையில் வாங்கிய அன்று பார்த்த அதே மயில் நீலம். மேலே முழுக்க வெளுத்த நிறம், அடியில் ஒரு பட்டை மட்டும் புதிதாக. மாமியார் அதை பார்டர் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்.